டிக்கெட் ஐம்பது மைக்ரான்

முதலாளி தன் கண்ணாடி அறையில் மேஜை மேல் இரண்டு நோட்டுகளை அருகருகே விரித்து வைத்திருந்தார். ஒன்று வாட்ச்மேனின் வருகைப் பதிவேடு. இன்னொன்று, செய்த வேலையை அளந்து பார்க்கும் ஸ்டெல்லாவின் நோட்டு. அவர் கையில் சிவப்புப் பேனா. அறை முழுக்க ஊதுபத்தியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை.

"இங்க பாரும்மா கோமதி. போன செவ்வாக்கிழமை நீ லேட்டு. அன்னிக்கு நீ பண்ண எட்டு பீசும் ரிட்டர்ன். வெள்ளிக்கிழமை லேட்டு. அந்த எட்டும் ரிட்டர்ன். முந்தாநேத்து லேட்டு. ஸ்டெல்லா, முந்தாநேத்து பீஸ் என்னாச்சு?"

வாசலில் நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். "ரிட்டர்ன் சார்."

"சீக்கிரம் வந்த நாள்ல ஒண்ணு கூட ரிட்டர்ன் இல்ல." பேனாவை மூடினார். கொலைகாரனைப் பிடித்துவிட்ட முகம். "லேட்டா வர்றவங்களுக்கு மனசு ஓடிக்கிட்டே இருக்கும். மனசு ஓடினா கை ஓடும். கை ஓடினா ஸ்லாட்டு ஆழம் கொறையும். எவ்ளோ கொறையுது ஸ்டெல்லா?"

"முப்பது மைக்ரான் சார்."

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரான். முப்பது என்பது ஒரு தலைமுடியில் பாதி கூட இல்லை. அந்தப் பாதி முடிக்காக எனக்கு ஒழுக்கப் பாடம் நடந்துகொண்டிருந்தது. திருப்பிப் பேச வழியில்லை, இரண்டு நோட்டும் அவர் பக்கம். எதையாவது தூக்கி எறியலாம் என்றால் மேஜை மேல் நோட்டைத் தவிர மீதியெல்லாம் இரும்பு.

போன வாரம், அரத்தோடு நான் பதினொரு வருடம் குடும்பம் நடத்திய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் தம்பி போன் செய்தான். "எல்லாத்தையும் எழுது, அந்த பஸ் டிக்கெட் விஷயத்தை மட்டும் எழுதிடாதக்கா, மானம் போயிடும்" என்றான். அதனால்தான் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

நாலு தட்டு

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பதினேழு பேர் வேலை செய்யும் பட்டறை அது. மெஷினில் இருந்து வரும் இரும்புத் துண்டுகளின் விளிம்பில் கையைக் கிழிக்கும் பிசிறு இருக்கும். அதை அரத்தால் ராவி எடுப்பதுதான் என் வேலை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே இரண்டு மில்லிங் மெஷின்கள். ஒன்றை ஏழுமலை ஓட்டினார், மற்றதை தேவா.

இரண்டு மூன்று வருடம் முன்பு ஏழுமலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். மெஷின் காலியாக நின்றது. பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது. முதலாளியிடம் போய், "அதை எனக்குக் குடுங்க சார்" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தினார்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பம்பு கம்பெனிக்கு நூற்றிருபது இரும்புக் கட்டைகள் செய்ய வேண்டும். உள்ளங்கை அளவுக் கட்டை, அதன் நடுவில் நேராக ஒரு பள்ளம், அதுதான் ஸ்லாட்டு, பள்ளத்தின் ஆழம் நான்கு மில்லிமீட்டர். இருபது மைக்ரான் கூடலாம், இருபது குறையலாம், அதற்கு மேல் கூடாது. ஒரு நாளைக்கு எட்டுக் கட்டை ஒரு தட்டில் வைத்து ஸ்டெல்லாவிடம் போகும். நான்கு தட்டு வரை திரும்பி வந்தால் பொறுத்துக்கொள்வார். ஐந்தாவது தட்டு திரும்பினால் மெஷினுக்கு வேறு ஆள், எனக்கு மறுபடியும் அரம்.

முதலாளி அறையில் நான் நின்ற அந்தக் காலையில் மூன்று தட்டு திரும்பியாகிவிட்டது.

தேங்காய்த் துருவியும் நானும்

மில்லிங் என்றால் என்ன என்று போன வாரம் எழுதியதைப் படித்த நான்கைந்து பேர் கேட்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் மேடையில் ஒட்டவைத்துக் கைப்பிடியைச் சுற்றும் தேங்காய்த் துருவி இருக்கிறதா? அதேதான். பல் வைத்த உருண்டை சுற்றுகிறது, நீங்கள் தேங்காய் மூடியை அதன்மேல் அழுத்தி மெல்ல நகர்த்துகிறீர்கள், பூப்பூவாகக் கொட்டுகிறது. இங்கே உருண்டைக்குப் பதில் கட்டர், தேங்காய்க்குப் பதில் இரும்பு. கொட்டும் பூவை வாயில் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். சட்டைக்குள் விழுந்தால் மட்டும் ஆடத் தெரியாதவளும் ஆடுவாள்.

லேத்தில் இரும்பு சுற்றும், கருவி நிற்கும். மில்லிங்கில் கருவி சுற்றும், இரும்பு வைஸ் என்ற இடுக்கியில் இறுகப் பிடிபட்டு மேஜையோடு நகரும். எந்தப் பக்கம் நகர்த்துகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. சுற்றிவரும் பல்லுக்கு எதிராக இரும்பைக் கொடுத்தால் சமர்த்தாக வெட்டும். பல் போகும் திசையிலேயே கொடுத்தால், எங்களுடையது போன்ற ஆட்டம் கண்ட பழைய மெஷினில், கட்டர் இரும்பைக் கவ்வி உள்ளே இழுத்துவிடும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் முதல் நாள் படபடப்பில் தப்பான பக்கம் சுற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கட்டரின் முனை பறந்துபோய் தேவாவின் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு குழி போட்டுவிட்டு விழுந்தது.

தேவா சென்னீர்குப்பத்துக்காரன். பைக்கில் வருவான், வந்ததில் இருந்து பேசுவான். மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா நீ? கட்டர் சுத்துற பக்கமே ஜாப்பைத் தள்ளிக்கினு கீற? அது இஸ்துக்கினு பூடும்ல? நல்ல வேள, மூடி போட்டு வச்சிருந்தேன். எலுமிச்ச சோறு தப்பிச்சுது."

"உன் தலை தப்பிச்சுதே, அதுக்கு சந்தோஷப்படு."

"தலைய ஆஸ்பத்திரில தச்சுடுவாங்கோ. சோத்த எவன் குடுப்பான்?"

அன்று முதல் நான் மெஷினை ஓட்ட ஆரம்பித்தால் அவன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தூண் மறைவில் வைத்துவிட்டு வருவான். எனக்கு வெறுப்பேற்றவே செய்தான் என்று தெரியும். வெறுப்பும் ஏறியது.

பட்டறையின் ஜீரோ

இனி அந்த டிக்கெட்டுக்கு வருகிறேன்.

நான்கு மில்லிமீட்டர் ஆழம் வெட்ட வேண்டும் என்றால், முதலில் கட்டர் இரும்பின் மேல்தோலை எங்கே தொடுகிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் பெயர் ஜீரோ. அதைக் கண்டுபிடிக்கக் கடையில் ஒரு கருவி விற்கிறது. முதலாளி அதை கேட்லாக்கில் பார்த்து ரசிப்பார், பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

எங்கள் முறை இது. மெஷினை நிறுத்திவிட்டு, இரும்பின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து, மேஜையை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். விரலால் காகிதத்தை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டரின் பல் வந்து அமர்ந்ததும் காகிதம் நகர மறுக்கும். அப்போது பல்லுக்கும் இரும்புக்கும் நடுவே காகிதத்தின் கனம் மட்டும்தான் மிச்சம். அந்தக் கனம் அளவுக்கு மேஜையை இன்னும் ஏற்றிவிட்டால் ஜீரோ.

ஏழுமலை இதற்கு பஸ் டிக்கெட்டைப் பயன்படுத்தினார். தினமும் வரும்போது புதிதாக ஒன்று கிடைக்கிறது, சாயங்காலம் எண்ணெய் குடித்து ஊறிப்போனால் தூக்கிப் போடலாம். என்றோ ஒரு நாள் அளந்து பார்த்து, மெஷினின் முதுகில் வெள்ளை பெயிண்ட்டில் எழுதியும் வைத்திருந்தார்: 'டிக்கெட் = 50'. எங்கள் பட்டறையில் அது சட்டம் மாதிரி. "இன்னும் ரெண்டு டிக்கெட்டு எறக்கணும்" என்றால் நூறு மைக்ரான் இறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் புரியும். ஸ்டெல்லா ஒரு முறை கல்யாண ஜாக்கெட் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்ல, "எத்தினி டிக்கெட்டு?" என்று கேட்டு தேவா அடி வாங்கினான்.

தேவாவுக்கு பஸ் கிடையாது என்பதால் அவன் தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழித்துக்கொள்வான். ராசிபலனைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எதிரிகள் விலகுவர். அக்கா, நீ கொஞ்சம் விலகு" என்று சொல்லி அதைக் கட்டருக்கு அடியில் சொருகுவான். வருடம் முழுக்க அவன் வேலை கச்சிதமாக இருக்கும். ஜனவரி முதல் வாரம் மட்டும் கெடும். புத்தாண்டுக்கு ஊற்றிக்கொண்டதுதான் காரணம் என்று முதலாளி ஒவ்வொரு ஜனவரியும் திட்டுவார். தேவா சொட்டுக்கூடத் தொடாதவன். ஆனாலும் வருடா வருடம் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான்.

உடம்பும் மனசும்

முதலாளியின் கண்டுபிடிப்புக்குப் பிறகு, இனி லேட்டாகவே போகக் கூடாது என்று முடிவு செய்தேன். எங்கள் வீடு ஆவடி சேக்காட்டில். நான் எப்போதும் ஏறுவது பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பிங்க் பஸ், காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. என் பையன் பள்ளிக்கு டிபன் பாக்ஸைத் தேடுகிற நாளில் அது போய்விடும். பின்னால் காசு கொடுத்து ஏறும் பஸ் வரும், அது ஊரெல்லாம் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் நான் லேட்.

அடுத்த திங்கட்கிழமை நாலரைக்கே எழுந்து, சமையலை முடித்து, ஸ்டாப்பில் போய் நின்றேன். முதலில் வந்தது காசு பஸ். சரி, இன்றைக்குக் காசு போனால் போகட்டும் என்று ஏறிக்கொண்டேன். வாட்ச்மேன் பூட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டில் நின்றேன். முதலாளி வந்து பார்த்ததும் கண் கலங்காத குறை. எல்லோரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். தன் ஃபிளாஸ்கில் இருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அன்று எட்டுக் கட்டையும் நிதானமாக, கட்டரைக் கொஞ்சிக் கொஞ்சி வெட்டினேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"முப்பது மைக்ரான் கம்மி. எட்டும்."

நான்காவது தட்டு. இனி ஒன்று திரும்பினால் அரம்தான்.

முதலாளி இரண்டு நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கண்டுபிடிப்பை விட மனசில்லை. பிறகு சொன்னார்: "உடம்பு சீக்கிரம் வந்திருக்கு. மனசு லேட்டா வந்திருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டரைக் குளிர்விக்கும் கூலண்ட் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பதினொரு வருடம் காத்திருந்த மெஷின், முப்பது மைக்ரானில் போகப் போகிறது. அதுவும் எட்டிலும் ஒரே முப்பது. கை நடுங்கித் தப்பு வந்தால் எட்டும் எட்டு விதமாக அல்லவா வர வேண்டும்? ஒரே அளவில் பிசகுகிறது என்றால் அது கையின் வேலை இல்லை.

அந்த நேரம் பார்த்து தேவா நாட்காட்டித் தாளை 'சர்' என்று கிழித்தான். "மேஷம். எதிர்பாராத பயணம்" என்று படித்தான்.

எனக்கு அவனுடைய ஜனவரி ஞாபகம் வந்தது. ஜனவரியில் அவனிடம் மாறுவது என்ன? நாட்காட்டி! ஒரு வருடம் நகைக்கடை கொடுத்தது, அடுத்த வருடம் மளிகைக்கடை கொடுத்தது. தாள் வேறு! புதுத் தாளின் கனம் அவன் கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும்.

ஓவர்கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். முந்தின நாள் டிக்கெட் இருந்தது. கண்டக்டர் கையில் இருந்த மெஷின் துப்பிய வழுவழுப்பான சீட்டு. பர்ஸில் தேடினேன். பழைய பிங்க் பஸ் டிக்கெட் ஒன்று, கட்டில் இருந்து கிழித்துக் கொடுத்த சொரசொரப்பான தாள். ஏழுமலை காலத்தில் எல்லா பஸ்ஸிலும் இந்தத் தாள்தான். இரண்டையும் கொண்டுபோய் ஸ்டெல்லாவிடம் நீட்டினேன்.

அவள் மைக்ரோமீட்டரை வைத்து மூன்று முறை அளந்தாள். பிங்க் ஐம்பது. காசு பஸ் எண்பது.

அதாவது, எண்பது ஏற்ற வேண்டிய இடத்தில் நான் ஐம்பது ஏற்றியிருக்கிறேன். கட்டர் இரும்புக்கு முப்பது மைக்ரான் மேலேயே நின்றுகொண்டு அதை ஜீரோ என்று நம்பியிருக்கிறது. லேட்டான நாளெல்லாம் காசு பஸ். சீக்கிரம் வந்த திங்கட்கிழமையும் காசு பஸ்.

"அடியே!" என்று ஸ்டெல்லா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

அளக்கும் திருவிழா

முதலாளி நம்பவில்லை. "பேப்பர்ல என்னம்மா இருக்குது?" என்றார். ஸ்டெல்லா அவர் சட்டைப் பையில் இருந்த ரசீதை உருவி அளந்து காட்டினாள், அறுபத்தைந்து. அவர் புருவம் உயர்ந்தது. தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார், முந்நூறு. பெருமையாகத் தலையாட்டினார். பிறகு யாரையும் விடவில்லை. திருநீறு மடித்த தாள், மாத்திரை அட்டை, வாட்ச்மேன் வைத்திருந்த லாட்ஜ் பில் (அது ஏன் அவரிடம் இருந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, மறுநாள் எல்லோரும் கேட்டார்கள்), எல்லாம் மைக்ரோமீட்டருக்குள் போய் வந்தன. அரை மணி நேரம் பட்டறையில் ஒரு மெஷின் ஓடவில்லை.

தேவா தன் தாளையும் அளக்கச் சொல்லி, எண்ணைக் கேட்டதும் முதலாளி பக்கம் திரும்பினான். "சார், அப்போ ஜனவரில நான் குடிக்கலன்னு ஒத்துக்கினியா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

கடைசியில் தீர்ப்பு வந்தது. மிச்சம் இருக்கும் நாட்களில் பிங்க் பஸ் டிக்கெட்டை வைத்து மட்டும்தான் நான் ஜீரோ எடுக்க வேண்டும்.

"எந்த டிக்கெட்டா இருந்தா என்ன சார், அன்னன்னிக்கு அளந்து பாத்துக்கறேன்."

"அளக்குறதுல ஒரு தப்பு வரலாம். கணக்குல ஒரு தப்பு வரலாம். உனக்கு இனிமே ஒரு தப்புக்குக்கூட எடம் இல்லம்மா."

முதல் தடவையாக அவர் என் பக்கம் நின்று பேசியது போல இருந்தது.

நல்ல எண்ணத்தில் தேவா ஒரு காரியம் செய்தான். எனக்குக் கையிருப்பு சேர்த்துவைக்க வேண்டும் என்று, எஸ்டேட் ஸ்டாப்பில் நின்றுகொண்டு பிங்க் பஸ்ஸில் இருந்து இறங்கும் பெண்களிடம் "டிக்கெட்டு குடுங்கக்கா, டிக்கெட்டு" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் அவனைச் செக்கிங் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா பையைக் கொட்டித் தேடினார். ஒரு பெண் ஓட்டம் பிடித்தாள். "நில்லுக்கா, நான் மில்லிங்கு" என்று இவன் பின்னாலேயே ஓடியிருக்கிறான். கசங்கி, வியர்வையில் நனைந்த டிக்கெட்டுகளைக் கைநிறையக் கொண்டுவந்தான். ஸ்டெல்லா ஒன்றைக்கூட ஏற்கவில்லை.

கடைசி எட்டு

பிங்க் டிக்கெட்டோடு வெட்டிய தட்டெல்லாம் தேறின. கடைசி நாள் வந்தது. எட்டுக் கட்டை பாக்கி. சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போகும்.

அன்றைக்குப் பார்த்து பிங்க் பஸ் வரவில்லை. முந்தின நாள் காலை டிக்கெட் எண்ணெயில் ஊறிவிட்டது, சாயங்காலம் வாங்கியது பைக்குள் கசங்கிவிட்டது.

முதல் காசு பஸ் வந்தது. விட்டேன். இரண்டாவது வந்தது. கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். "ஏறும்மா, எடம் கீது" என்றார். தலையாட்டிவிட்டு நின்றேன். மூன்றாவதையும் விட்டேன். ஏறினால் டிக்கெட் தப்பு. ஏறாவிட்டால் நேரம் தப்பு. எட்டுக் கட்டைக்கு எனக்கு முழு நாளும் வேண்டும். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா, சின்னத் தாளுக்காக வாழ்க்கையை ஸ்டாப்பில் நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

நான்காவதாக வந்தது பிங்க். டிக்கெட்டை வாங்கி, மடங்காமல் பையனின் பழைய பள்ளி அடையாள அட்டை உறையில் செருகிக்கொண்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு மணி பத்து நிமிடம் லேட். கேட்டில் முதலாளி நின்றிருந்தார், கையில் வருகைப் பதிவேடு. பதினொரு வருடத்தில் நான் அவ்வளவு லேட்டாகப் போனதே இல்லை.

"எந்த பஸ்ஸு?" என்றார்.

உறையில் இருந்த டிக்கெட்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, எனக்காகக் கேட்டை அவரே தள்ளித் திறந்தார்.

நான் சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்த ஞாபகம் கூட இல்லை. தேவா தன் மெஷினை நிறுத்திவிட்டு எனக்குக் கட்டைகளைத் துடைத்துக் கொடுத்தான், பிசிறை ராவிக் கொடுத்தான். வாயைத் திறக்கவே இல்லை. அவன் பேசாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாலே முக்காலுக்கு எட்டாவது கட்டை ஸ்டெல்லாவின் மேஜைக்குப் போனது. அவள் ஒவ்வொன்றாக அளந்து வைக்க வைக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எட்டும் ஓகே" என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வண்டிக்காரர் பயந்துபோய், லோடு ஏற்றலாமா வேண்டாமா என்று முதலாளியைக் கேட்டார்.

அன்றிரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. மறுநாள் சீக்கிரம் கிளம்பினேன், பிங்க் பஸ்ஸும் சொல்லி வைத்தாற்போல வந்தது. பத்து நிமிடம் முன்னதாகவே பட்டறைக்குப் போய்விட்டேன். என் மெஷினின் முதுகில் தேவாவின் கோணல் எழுத்தில் 'கோமதி அக்கா' என்று பெயிண்ட் இன்னும் காயாமல் மின்னியது. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டிக்கொண்டது.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"ஏம்மா இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட?" என்றார். "வேலை கெட்டுடப் போவுது."